தண்ணீர் குடிக்காத அக்காவுக்கு

அன்புக்கும் சண்டைக்கும் உரிய ஈஸ்வரிக்கா,

நான் ஊர் வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. வந்ததும் உன் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வியன்னாவில் தொடங்கி ஒவ்வொரு ஊராகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். உன் மேசையில் இப்போது ஒரு பிரிண்டரை வைத்திருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நீ ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாய். "சத்தமாச் சொல்லுடி, வாய்க்குள்ளயே முணங்காத" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய்!

உன்னை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பாண்டீஸ்வரி, மேலூர் பக்கத்து ஆள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்து உன்னை சிவில் இன்ஜினியர் ஆக்கினார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கட்டிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் அளவெடுத்தபோது சாரப் பலகை சரிந்து கீழே விழுந்தாய். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான்.

வீட்டோடு இருந்துவிடச் சொன்னவர்களிடம், "விழுந்தது காலுதான், கையில்ல" என்று சொல்லிவிட்டு வரைபடப் பிரிவில் வேலை கேட்டு வாங்கினாய். அரசுக் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற நம் ஆபீசுக்கு நீ வந்தது அப்படித்தான். மதுரையில் மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து, அம்மாவோடும் தம்பி முருகேசனோடும் குடிவந்தாய். முருகேசன் தன் ஆட்டோவின் பின்பக்கத்தை வெட்டி, சாய்பலகை வைத்து, தினமும் உன்னைக் கொண்டுவந்து இறக்கினான்.

உனக்குப் பக்கத்து மேசையில் நான். முதல் கொஞ்ச நாள் 'நீங்க' போட்டுப் பேசினேன். நீதான், "என்னமோ கலெக்டரக் கூப்பிடற மாதிரி இருக்கு, நீன்னே சொல்லுடி" என்றாய். அன்றைக்குத் தொடங்கிய உரிமையில்தான் இதையும் எழுதுகிறேன்.

அந்த வருடத்துச் சித்திரை வெயில் நினைவிருக்கிறதா? மின்விசிறிக்குக் கீழேயே ஆளாளுக்கு வேர்த்து ஊற்றியது. எல்லோரும் பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டிருந்தோம். உன் மேசையில் மட்டும் தண்ணீர்ப் பாட்டிலே இல்லை. உதடு வெடித்திருந்தது.

"ஏக்கா, தண்ணி குடிக்கலையா?"

"குடிச்சா எங்கிட்டுப் போறது?" என்று வரைபடத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டாய்.

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் நீயே சொன்னாய். உன்னால் மற்றவர்களைப் போலச் சிறுநீர் கழிக்க முடியாது. குழாய் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்குச் சுத்தமான, நாற்காலி நுழைகிற, கதவைச் சாத்திக்கொள்ளும்படியான ஓர் இடம் வேண்டும். பெண்கள் கழிப்பறையில் வாசலிலேயே ஒரு படி. அதைத் தாண்டினாலும் கதவுக்குள் உன் நாற்காலி பாதிகூடப் போகாது. அதனால் காலையில் வீட்டிலிருந்து கிளம்பினால், சாயங்காலம் வீடு திரும்பும் வரை நீ தண்ணீரைத் தொடுவதில்லை. மதுரை வெயிலில், வருடக்கணக்காக.

இதில் எனக்கு இன்னமும் வயிறு எரிகிற விஷயம் ஒன்று உண்டு. நம் ஆபீசில் உனக்கென்று ஒரு கழிப்பறை இருந்தது. கீழ்த்தளத்தைப் புதுப்பித்தபோது அதை வரைந்ததே நீதான். அகலக் கதவு, பிடித்துக்கொள்ளக் கம்பி, நாற்காலியைத் திருப்ப இடம், எல்லாம் சரியாக அமைந்தது. வாசலில் நீல நிறப் பலகை மாட்டினார்கள். சென்னையிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு முதலில் ஒரு உடைந்த நாற்காலி உள்ளே போனது. அப்புறம் இன்னும் பல நாற்காலிகள், பழைய கம்ப்யூட்டர்கள், கட்டுக்கட்டாகப் பழைய வரைபடங்கள். கடைசியில் பூட்டு. சாவி சூப்பிரண்டு மேசை டிராயரில்.

"கேட்டாத் தருவாருல்லக்கா?" என்று அப்பாவியாகக் கேட்டேன்.

"தருவாரு. ஒவ்வொரு தரமும் ஒரு ஆம்பளகிட்டப் போயி, ஒண்ணுக்குப் போகணும் சாவி குடுங்கன்னு நிக்கணும். நிக்கவும் முடியாது, உக்காந்துக்கிட்டே கேக்கணும். அவரு பியூனக் கூப்பிட்டு சாமானையெல்லாம் வெளிய எடுத்துப் போடச் சொல்லணும். அதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மெண்டே வந்துரும்."

நாம் இருவரும் சிரித்தோம். ஆனால் நீ சும்மா சிரித்துவிட்டு விடவில்லை. மனு கொடுத்தாய். நினைவூட்டல் கொடுத்தாய். ஆபீசுக்கே தலைவரான பெரிய சாரின் அறை வாசலில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு அவர் வெளியே வரும்வரை காத்திருந்தாய். "பாத்துக்கலாம்மா, சாமான் வைக்க வேற எடம் பாத்துட்டிருக்கோம்" என்பார். அந்த இடம் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

ஃபெல்லோஷிப் அறிவிப்பு வந்தபோது அதை முதலில் பார்த்தவளும் நீதான். பொதுக் கட்டடங்களையும் பேருந்துகளையும் எல்லோரும் பயன்படுத்தும்படி எப்படி அமைக்கிறார்கள் என்று, பொறியாளர்கள் ஐரோப்பிய நகரங்களுக்கு நேரில் போய்ப் படித்துவர ஓர் அறக்கட்டளை அனுப்பும் திட்டம். உனக்கென்றே எழுதினாற்போல இருந்தது. நீயும் விண்ணப்பித்தாய், என்னையும் விண்ணப்பிக்க வைத்தாய். இரண்டு பேரையும் சென்னைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

அந்த நேர்காணல் நடந்த கட்டடத்து வாசலிலேயே படிகள். எல்லோருக்குமான கட்டடம் பற்றிப் பேச ஆளெடுக்கிற இடத்தில்! காவலாளியும் முருகேசனும் இன்னும் இரண்டு பேரும் உன்னை நாற்காலியோடு தூக்கினார்கள். தூக்கும்போது நீ கண்களை மூடிக்கொண்டாய். பள்ளிக்கூட மாடியிலிருந்து விழுந்தவளை அந்தரத்தில் தூக்குகிறோமே என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே போய்விட்டு வந்து சொன்னாய். "நடுவுல உக்காந்திருந்தவரு கேட்டாருடி, உங்க உடம்புக்கு இம்புட்டு தூரம் பயணம் சிரமமா இருக்குமேம்மான்னு."

"நீ என்னக்கா சொன்ன?"

"அந்தச் சிரமம் எதனால வருதுன்னு படிக்கத்தான சார் போகணும்ங்கிறேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க சிரிச்சதும் தெரிஞ்சுபோச்சு, எனக்குக் கிடையாதுன்னு."

உனக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது. உன் விண்ணப்பத்தை அனுதாபத்தோடு பரிசீலித்ததாக உனக்கு எழுதியிருந்தார்கள். அனுதாபத்தை யார் கேட்டது? நான் போகப்போவதில்லை என்று சொன்னபோது நீ என்னை வைத வசவு இன்னும் காதில் இருக்கிறது. "நீயும் போகலேன்னா வேற எவனாச்சும் போயி ஈபிள் டவர் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வருவான். கிறுக்கச்சி மாதிரிப் பேசாம கெளம்புடி. போயி அளந்துட்டு வா."

போனேன். ஒவ்வொரு ஊரிலும் மற்றவர்கள் அரண்மனையும் ஆற்றங்கரையும் பார்க்க, நான் டேப்பை எடுத்துக்கொண்டு கழிப்பறை கழிப்பறையாகப் போனேன். கூட வந்த வடநாட்டு இன்ஜினியர் ஒருவர் எனக்கு டாய்லெட் மேடம் என்றே பெயர் வைத்துவிட்டார். உனக்குச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய்.

வியன்னாவில் முதல் நாள், டிராம் நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒரு வயதான அம்மா. மடியில் காய்கறிப் பை. டிராம் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து வாசலில் மடித்திருந்த பலகையை விரித்தார். அந்த அம்மா உருட்டிக்கொண்டு ஏறினார், பின்னாலேயே நானும் ஏறினேன். பலகையை மடித்துவிட்டு ஓட்டுநர் போய் உட்கார்ந்தார், வண்டி கிளம்பிவிட்டது. அவ்வளவுதான். யாரும் உச்சுக் கொட்டவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை அக்கா, ஆத்திரம்தான் வந்தது. ஒரு பொங்கலுக்கு ஆட்டோ ரிப்பேர் ஆகி, மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏற நாம் காத்துக்கிடந்தோமே. ஒன்று, இரண்டு என்று பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு கண்டக்டர், "இந்தக் கூட்டத்துல எதுக்கும்மா இவங்களக் கூட்டிட்டு வாரீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உன்னைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. அந்த டிராமுக்குள் நின்றுகொண்டு அந்தக் கண்டக்டரோடு மனசுக்குள் சண்டை போட்டேன். அங்கே எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், இந்தப் பெண் ஏன் இப்படி முறைக்கிறாள் என்று பயந்திருப்பார்.

பெர்லினில் ரெனாட்டே என்ற அம்மாவிடம் என்னை ஒப்படைத்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை. சிறுவயதிலிருந்தே சக்கர நாற்காலி. நகரத்தைச் சுற்றிக்காட்டும்போது ரயில் நிலையத்தில் ஒரு கதவு முன்னால் நின்று, கைப்பையிலிருந்து சாவி எடுத்துத் திறந்தார். சக்கர நாற்காலிக்காரர்களுக்கான கழிப்பறை. ஒரே சாவி, நாடு முழுக்க அந்த மாதிரிக் கழிப்பறைகளைத் திறக்குமாம். தேவைப்படுகிறவர்கள் ஒவ்வொருவரும் அதை வாங்கித் தங்களிடமே வைத்துக்கொள்ளலாம்.

நம் ஆபீஸ் சாவியைப் பற்றிச் சொன்னேன். என் ஆங்கிலம்தான் தப்பாகிவிட்டதோ என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். "அவருக்கான அறையின் சாவி அவரிடம் இல்லையா? நாற்காலிக்காரரின் அறைக்குள் உடைந்த நாற்காலிகளா?" ஆமாம் என்றேன். ஆமாம் என்று சொல்ல எனக்குக் கூசியது.

"உங்கள் ஊர்க்காரர்கள் நல்லவர்கள், அதனால் கிடைத்துவிட்டது இல்லையா?" என்று கேட்டேன். ரெனாட்டேவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லவர்களா? நான் இளம் வயதில் ஏறமுடியாத பஸ் முன்னால் நாற்காலியை நிறுத்திக்கொண்டு நகர மாட்டேன் என்று உட்கார்ந்தேன். பின்னால் நின்ற பஸ்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். காறித் துப்பினான் ஒருத்தன். போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. மறுநாளும் போய் உட்கார்ந்தோம்." அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அந்தம்மாகிட்ட எனக்கு ஒரு வணக்கம் சொல்லுடி" என்றாய். சொன்னேன்.

கோபன்ஹேகனில் ஒரு நூலகத்தின் கழிப்பறையை அளந்தேன். கதவின் அகலம், கம்பியின் உயரம், நாற்காலி திரும்பும் வட்டம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, உன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் ஒன்றுதான். நம் விதிப் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. அப்படியானால் நான் எதைப் படிக்க விமானம் ஏறினேன்? தெரியாததால் செய்யவில்லை என்றால் கற்றுக்கொடுக்கலாம். தெரிந்து, வரைந்து, கட்டி, படமும் எடுத்துவிட்டுப் பூட்டுகிறவர்களுக்கு எந்த ஊரிலிருந்து எதைப் படித்துக்கொண்டு வருவது?

பாரிசிலிருந்து பேசியதுதான் கடைசி. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டேன். உன் குரல் கம்மியிருந்தது.

"காய்ச்சல்டி. ஆஸ்பத்திரில படுக்க வச்சிருக்காங்க, டிரிப்பு ஏறுது. அத விடு. பாரிசு எப்பிடி இருக்கு?"

"இங்க மெட்ரோ ரயிலுக்கு முக்காவாசி எடத்துல படிதான்க்கா. லிப்டே கிடையாது. சக்கர நாற்காலியில ஒரு பையன் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டு மெட்ரோவ அப்பிடி வையிறான்."

"அம்புட்டுப் பெரிய ஊர்லயுமா?" நீ சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டியது எனக்கே கேட்டது. "அப்ப நம்ம பெரிய சார அங்கிட்டு மாத்தி விட்றலாம்டி. நல்லா ஒத்துப்போகும்."

இருமினாய். நான் எப்போது வருகிறேன் என்று கேட்டாய். லிஸ்பன் முடித்துவிட்டு வந்துவிடுவேன் என்றேன். "வா, உக்காந்து ரிப்போர்ட்ட எழுதுவோம். படத்தப் போட்டு ஒப்பேத்திராத. சரி, வையி, டாக்டர் வாராரு."

லிஸ்பன் மேடும் பள்ளமுமான ஊர். சின்னச் சின்னக் கல் பதித்த நடைபாதை. ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது முருகேசன் கூப்பிட்டான். "கலாக்கா, அக்கா போயிருச்சு" என்றான். யாரோ ஒரு வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் முகம்கூட எனக்கு இப்போது நினைவில்லை.

டிக்கெட்டை மாற்றி, துபாய் வழியாக மதுரை வந்து இறங்கி, பெட்டியோடு நேராக மேலூர் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. உன் அம்மாவைப் பெரியம்மா என்று கூப்பிட ஆரம்பித்தபோது எங்கள் விளாங்குடி வீட்டில் புருவம் தூக்கினார்கள். அதே பெரியம்மா அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியாத்தா, சாப்பிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து அவரோடும் முருகேசனோடும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னைப் பார்த்துக்கொண்ட டாக்டர் சின்ன வயதுப் பெண். வருத்தமாகத்தான் பேசினார். "பல வருஷமா திரும்பத் திரும்ப யூரின் இன்ஃபெக்ஷன் வந்திருக்கு. ரெண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தது. கடைசியில ரத்தத்துல பரவிடுச்சு. இவங்க நிறையத் தண்ணி குடிச்சிருக்கணுமே, யாரும் சொல்லலையா?"

பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் சொன்னாகம்மா. ஞாயித்துக்கெழம ஆனா செம்பு செம்பாக் குடிப்பா. ஆபீசு இருக்கற அன்னைக்குத் தொடமாட்டா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆனால் சான்றிதழில் சிறுநீரகம் செயலிழந்தது என்றுதானே எழுத முடியும்? ஒரு பூட்டினால் செத்தாள் என்று எழுத அதில் இடம் ஏது?

ஆபீசில் உனக்கு இரங்கல் கூட்டம் போட்டார்கள். மல்லிகை மாலை, ஊதுபத்தி, உன் படம். பெரிய சார் பேசினார். தன்னம்பிக்கையின் சிகரம் என்றார். புன்னகை மாறாதவர் என்றார். "இத்தனை வருஷத்துல தனக்குன்னு எதையும் கேட்டதே கிடையாது" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எழுந்துவிட்டேன் அக்கா. "கேட்டாங்க சார்" என்றேன். "அந்த ரூமைத் திறந்து குடுக்கச் சொல்லிக் கேட்டாங்க. எழுதியும் கேட்டாங்க, உங்க வாசல்ல காத்துக் கிடந்தும் கேட்டாங்க. நீங்க பாத்துக்கலாம்னீங்க."

சூப்பிரண்டு தரையைப் பார்த்தார். ஒரு நிமிட மௌனம் என்று யாரோ அவசரமாக அறிவித்தார்கள். என்ன வேகம்!

அப்புறம் பெரிய சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நீங்க ரொம்ப எமோஷனலா இருக்கீங்கம்மா. ஐரோப்பா எல்லாம் போயிட்டு வந்திருக்கீங்க, பாசிட்டிவா ஒரு ரிப்போர்ட் குடுங்க. அவங்க ஞாபகமா நாமளும் ஏதாச்சும் செய்வோம்."

என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் மாடியில் புதிதாக ஏசி போட்ட கூட்ட அறைக்கு உன் பெயரை வைப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. பாண்டீஸ்வரி அரங்கம். லிப்ட் இல்லாத கட்டடத்தின் முதல் மாடி! நீ ஒரு நாளும் பார்க்காத அறை. அங்கே கூட்டம் நடக்கும்போதெல்லாம் நீ கீழே தனியாக உட்கார்ந்திருப்பாய். உன் வரைபடத்தைப் பற்றித்தான் மேலே பேசுவார்கள். முடிந்து இறங்கி வருகிற எங்களிடம், "என்னடி சொன்னாங்க?" என்று கேட்பாய். அந்த அறைக்கு உன் பெயர். இதைக் கேவலம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

திறப்பு விழாவுக்குப் பெரியம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். ரிப்பன் வெட்டுவதற்காம். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள். கத்தரிப்பூ நிறச் சேலையில், முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரிய சார் கும்பிட்டு, "வாங்கம்மா, மேலதான்" என்று படியைக் காட்டினார்.

பெரியம்மா படிக்கட்டின் அடியில் நின்றார். அண்ணாந்து பார்த்தார்.

"இதுல எம்மக எப்பிடிய்யா ஏறுனா?"

பெரிய சார் சூப்பிரண்டைப் பார்த்தார்.

"ஏறுனதே இல்லையா?"

"அவங்களுக்குச் சிரமம் குடுக்க வேணாம்னுதாம்மா..." என்று சூப்பிரண்டு இழுத்தார்.

"அவ ஏற முடியாத எடத்துல அவ பேரு மட்டும் எப்பிடி ஏறும்?" பெரியம்மா குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு அங்கிட்டு ஒண்ணும் சோலி இல்ல. அவ வரஞ்ச ரூமு ஒண்ணு இருக்காமே, அதக் காட்டுங்க."

பெரிய சார் என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். ஆனால் கேமராக்கள் இருந்தன. சூப்பிரண்டு சாவியைத் தேடி எடுத்துவந்து திறந்தார். உள்ளேயிருந்து தூசியும் எலிப் புழுக்கை நாற்றமும் வந்தது. நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு நாற்காலியின் காலைப் பிடித்து இழுத்தார். "அம்மா, நீங்க எதுக்கு, ஆள் விட்டு எடுக்கச் சொல்றோம்" என்று பெரிய சார் பதறினார். பெரியம்மா காதிலேயே வாங்கவில்லை. முருகேசன் போனான். நான் போனேன். டைப்பிஸ்ட் அக்கா வந்தார், ஜீப் டிரைவர் அண்ணன் வந்தார். அப்புறம் மாடியில் காத்திருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். சாமான் எல்லாம் பெரிய சாரின் கார் நிற்கிற இடத்தில் மலை மாதிரி குவிந்தது.

கூட்டிக் கழுவிவிட்ட பிறகு பெரியம்மா மட்டும் உள்ளே போனார். சுவரில் இருந்த கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திப் பார்த்து, திறந்தார். அதுவரை அழாதவர் அங்கே நின்று அழுதார். "நல்லாத்தான வரஞ்சிருக்கா எம்மக" என்றார்.

அறை இப்போது திறந்திருக்கிறது. மறுநாள் பேப்பரில் படம் வந்துவிட்டதால், திறந்திருக்கிறது. மாடி அறைக்கு உன் பெயர் வைக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. எனக்கு ராமநாதபுரத்துக்கு மாறுதல் வந்திருக்கிறது. நிர்வாகக் காரணங்களாம்.

ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. நானும் பெரியம்மாவும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் புகார் கொடுத்திருக்கிறோம். பூட்டச் சொன்னது யார், நீ கேட்டபோதெல்லாம் திறக்க மறுத்தது யார், இதே போல நம் ஆபீஸ் வரைந்து கட்டிய மற்றக் கட்டடங்களில் எத்தனை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று கேட்டிருக்கிறோம். புகாரை வாபஸ் வாங்கினால் மாறுதலை நிறுத்திவிடலாம் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்புகிறார்கள். "ஒனக்கு எதுக்குத்தா இந்த வம்பு, போனவ திரும்பியா வரப்போறா?" என்று எங்கப்பா தினமும் கேட்கிறார். நீ திரும்பி வர மாட்டாய் என்பது எனக்குத் தெரியாதா? இதே காரணத்தால் இன்றைக்கும் எந்த ஆபீசில் எவள் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாளோ, அவளைப் பற்றி அவர் ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்?

விசாரணை அடுத்த வாரம், சென்னையில். பெரியம்மா தானே பேசுவேன் என்று சொல்லிவிட்டார். "நீ பக்கத்துல நில்லு, போதும்" என்கிறார்.

நிற்பேன் அக்கா. வாபஸ் வாங்க மாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அடுத்த மாதம் ராமநாதபுரத்தில் சேருகிறேன். எந்த மூலையில் உட்கார வைத்தாலும் சரி, அந்த ஊர்க் கட்டடங்களையும் ஒவ்வொன்றாக அளப்பேன். பூட்டியிருக்கிற கதவு முன்னால் போய் நின்று, திறக்கும் வரை நகர மாட்டேன்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
கலா
விளாங்குடி, மதுரை